செவியும் மனமும்

ஐம்பொறிகளுள் செவிக்குத் தனிச்சிறப்பு ஒன்று உண்டு. கண்ணை மூடிக்கொள்ள இமை இருக்கிறது. செவிக்கோ அத்தகைய காப்பு இல்லை. நாம் உறங்கும்போதும் அது விழித்திருக்கிறது. நூறு பேர் பேசும் சந்தையிலும் நமக்குத் தெரிந்த ஒருவரின் குரலை அது பிரித்தறிகிறது. நொடிக்கு 20 அதிர்வு முதல் 20,000 அதிர்வு வரை உள்ள ஒலிகளை இளம்பருவத்தார் செவி ஏற்க வல்லது. இத்துணை நுண்ணிய பொறியும் தவறுவது உண்டோ? செவி கேட்டது ஒன்றாகவும், மனம் கேட்டதாகக் கொள்வது மற்றொன்றாகவும் இருத்தல் கூடுமோ? இவ்வினா, இசை கேட்டு மகிழும் அன்பர்களிடையே நெடுங்காலமாக ஒரு வழக்காக நிலவி வருகிறது. அவ்வழக்கு எதனால் எழுந்தது என்பதையும், அதிலிருந்து நாம் கொள்ளத்தக்க உண்மை யாது என்பதையும் இப்பாடத்தில் காண்போம்.

1877-ஆம் ஆண்டில் தாமஸ் ஆல்வா எடிசன், மனிதக் குரலைப் பதிந்துகொண்டு மீண்டும் ஒலிக்கும் பொறியை அமைத்தார். அதன் ஒலி கரகரப்பானது. சொற்கள் அரைகுறையாகவே விளங்கின. எனினும் உலகம் வியந்தது. பின்னர் வந்தோர் அக்குறைகளை ஒவ்வொன்றாக நீக்கினர். 1925-இல் மின்சார முறையில் பதிவு செய்த இசைத்தட்டுகள் விற்பனைக்கு வந்தன. 1948-இல் நெடுநேரம் ஓடும் இசைத்தட்டும், 1958-இல் இடப்பக்க ஒலியையும் வலப்பக்க ஒலியையும் தனித்தனியே தரும் ஸ்டீரியோ தட்டும் தோன்றின. 1982-இல் ஒளிக்கதிரால் படிக்கப்படும் குறுந்தட்டு வந்தது. அரங்கில் எழுந்த இசையை உள்ளது உள்ளபடியே வீட்டில் கேட்பிக்க வேண்டும் என்பதே இம்முயற்சிகள் அனைத்தின் குறிக்கோள். மூலத்துக்கு உண்மையாய் நிற்கும் இத்தகைய ஒலியமைப்பை மேனாட்டார் ஹை-ஃபை என வழங்கினர்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ஹை-ஃபை ஒரு பெரும் பொழுதுபோக்காக வளர்ந்தது. தட்டைச் சுழற்றும் கருவி, மின்குறியை வலிமைப்படுத்தும் ஆம்ப்ளிபயர், ஒலியை வெளிப்படுத்தும் ஒலிபெருக்கி, இவற்றை இணைக்கும் கம்பிகள் ஆகிய ஒவ்வொன்றையும் அன்பர்கள் தனித்தனியே தேர்ந்தெடுத்து வாங்கினர். ஒன்றைக் கழற்றி மற்றொன்றை மாட்டிக் கேட்டனர். அவர்களுக்கென இதழ்கள் தோன்றின. 'இவ்வாம்ப்ளிபயரின் ஒலி வெண்ணெய் போல் மென்மையானது', 'இக்கம்பியை மாட்டியதும் பாடகியின் குரலை மூடியிருந்த திரை விலகியது' என்றெல்லாம் எழுதினர். விலையும் ஏறிற்று. சில அடி நீளமுள்ள கம்பிக்கு ஆயிரக்கணக்கான டாலர் கொடுத்து வாங்குவோரும் உளர்.

இங்கேதான் வழக்கு எழுந்தது. 'நான் என் செவியால் கேட்டேன். வேறுபாடு நன்றாகத் தெரிந்தது. இதற்குமேல் சான்று எதற்கு?' என்றனர் ஒரு சாரார். 'அங்ஙனமாயின், எக்கருவி ஒலிக்கிறது என்பது தெரியாத நிலையிலும் அவ்வேறுபாட்டைக் கண்டு கூறுக' என்றனர் மற்றொரு சாரார். முன்னவர், 'சோதனை செய்து கொண்டு இசையை இரசிக்க இயலுமா?' என்று கேட்டனர். பின்னவர், 'தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்வது இரசனையாகுமா?' என்று திருப்பிக் கேட்டனர். இஃது ஏதோ செல்வர்களின் வீண் சண்டை என்று தள்ளிவிடுதல் பொருந்தாது. சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கொண்டு ஒரு கருவி வாங்கச் செல்லும் எளியவன் யாரை நம்புவான்? கடைக்காரரையா, இதழையா, தன் செவியையா? தன் செவியை நம்புவதாக அவன் எண்ணிக்கொண்டிருக்கும்போது, உண்மையில் அவன் நம்புவது எதனை? இவ்வினாக்களுக்கு விடை காண வேண்டுமானால், கேட்டல் என்னும் செயலை நாம் சற்று ஆராய்ந்து நோக்குதல் வேண்டும்.

கேட்கும்போது மனம் பிழைபடுவதற்குக் காரணங்கள் சில உள்ளன. முதலாவது, ஒலியின் உரப்பு. ஒரே பாடலை இரு கருவிகளில் ஒலிக்கச் செய்து, ஒன்றை மற்றதனினும் இம்மியளவு உரக்க வைப்போமாயின், கேட்போர் 'இஃது உரத்து ஒலிக்கிறது' என்று கூறார். 'இது தெளிவாகவும் நிறைவாகவும் ஒலிக்கிறது' என்றே கூறுவர். ஒலி உரப்புக் குறையுங்கால், தாழ்ந்த சுரங்கள் மற்றவற்றைக் காட்டிலும் மிகுதியாக மங்கிப்போகின்றன என்பதை ஃபிளெச்சர், மன்சன் என்னும் அறிஞர் இருவர் 1933-இல் அளந்து காட்டினர். ஆதலால், சற்றே உரத்து ஒலிக்கும் கருவி செவிக்குச் செழுமையுடையதாகத் தோன்றுகிறது. விற்பவர் கைவிரலால் குமிழைச் சிறிது திருப்பினாலே போதும். தாழ்ந்த கருவியும் உயர்ந்ததாகிவிடும்.

இரண்டாவது காரணம் நினைவின் குறை. ஒரு பாடலின் மெட்டை நாம் ஆண்டுக்கணக்கில் மறவாதிருக்கலாம். ஆனால் ஒலியின் நுண்ணிய சாயல்களோ சில நொடிகளில் நினைவினின்று நழுவத் தொடங்குகின்றன. கம்பியைக் கழற்றி வேறொன்றை மாட்ட ஐந்து மணித்துளிகள் ஆகுமானால், அதற்குள் முன்பு கேட்ட ஒலியின் நுட்பம் கலைந்துபோகும். எஞ்சி நிற்பது, 'இது புதியது, விலை மிக்கது' என்னும் எண்ணமே.

மூன்றாவது காரணம் கவனம். ஒரு நூலை இரண்டாம் முறை படிக்கும்போது முதல்முறை காணாத நயங்களைக் காண்கிறோம், நூல் மாறவில்லை. இசையும் அத்தன்மையதே. புதிய கம்பியை மாட்டியவன் செவியைக் கூர்மையாக்கிக்கொண்டு கேட்கிறான். அப்போது, பின்னணியில் மெல்ல ஒலிக்கும் ஒரு வயலினை முதன்முதலாகக் கவனிக்கிறான். அது முன்பும் ஒலித்துக்கொண்டுதான் இருந்தது. அவனோ அப்பெருமையைத் தன் கவனத்துக்குக் கொடாமல் கம்பிக்குக் கொடுத்துவிடுகிறான்.

நான்காவதும் வலிமை மிக்கதுமான காரணம், கண்ணும் எதிர்பார்ப்பும் ஆகும். ஹாரி மெகர்க், ஜான் மெக்டொனால்டு என்னும் இருவர் 1976-இல் ஒரு வியப்பான செய்தியை வெளியிட்டனர். 'பா' என்னும் ஒலியைக் கேட்கச் செய்து, அதே வேளையில் 'கா' என்று உச்சரிக்கும் வாயசைவைக் காட்டினால், காண்போர் பலர் 'டா' என்னும் மூன்றாவது ஒலியையே கேட்கின்றனர். கண்ணை மூடினால் 'பா' என்பது தெளிவாகக் கேட்கிறது. திறந்தால் மீண்டும் மாறிவிடுகிறது. உண்மையை அறிந்த பின்னும் இம்மயக்கம் தீர்வதில்லை. செவியும் கண்ணும் தரும் செய்திகளை மனம் ஒன்றாகப் பிசைந்தே நமக்கு அளிக்கிறது என்பது இதனால் விளங்கும். பளபளக்கும் உலோக முகப்பும் புகழ்பெற்ற பெயரும் கண்ணெதிரே இருக்க, செவி மட்டும் தனித்து நின்று தீர்ப்புக் கூறுதல் எங்ஙனம் இயலும்? அன்றியும், காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு அன்றோ? பெரும்பொருள் கொடுத்து வாங்கிய கருவியைக் குறைத்து மதிக்க எவர் மனமும் எளிதில் இசைவதில்லை.

இத்தகைய மயக்கத்தை வெல்லும் வழியை ஒலிக்கருவிகள் தோன்றுமுன்பே அறிஞர்கள் கண்டிருந்தனர். 1784-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் நடந்த நிகழ்ச்சி ஒன்றைக் கேளுங்கள். மெஸ்மர் என்னும் மருத்துவர், உடலில் ஓடும் ஒருவகைக் காந்த ஆற்றலைச் செலுத்தி நோய்களைத் தீர்ப்பதாகக் கூறிவந்தார். அவரையும் அவர் மாணாக்கரையும் நாடி மக்கள் திரண்டனர். சிலர் நடுங்கினர், சிலர் மயங்கி விழுந்தனர். இதன் உண்மையை ஆராயுமாறு பிரெஞ்சு மன்னர் ஒரு குழுவை அமைத்தார். மின்னலை ஆராய்ந்த பெஞ்சமின் பிராங்க்ளினும், வேதியியல் அறிஞர் இலவாசியேயும் அக்குழுவில் இருந்தனர். பிராங்க்ளின் வாழ்ந்த வீட்டின் தோட்டத்தில், மெஸ்மரின் மாணாக்கர் ஒருவர் ஒரு மரத்துக்கு மட்டும் அவ்வாற்றலை ஊட்டினார். பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனைக் கண்ணைக் கட்டி அழைத்து வந்து, ஆற்றல் ஊட்டப்படாத வேறு மரங்களை ஒவ்வொன்றாகத் தழுவச் செய்தனர். மரத்துக்கு மரம் அவன் நிலை மோசமாயிற்று. நான்காம் மரத்தடியில் அவன் மயங்கி விழுந்தான். ஆற்றல் ஊட்டிய மரமோ அப்பால் தள்ளி நின்றது!

இந்நிகழ்ச்சியை ஊன்றி நோக்குதல் வேண்டும். சிறுவன் பொய் கூறவில்லை. அவன் வியர்த்ததும் மெய், மயங்கியதும் மெய். ஆனால் அதற்குக் காரணம் மரம் அன்று. 'மரத்தில் ஆற்றல் உண்டு' என்று அவன் கொண்டிருந்த நம்பிக்கையே காரணம். விளைவு மெய்யாக இருக்க, காரணம் பொய்யாக இருத்தல் கூடும் என்பதே அக்குழுவினர் உலகுக்குக் காட்டிய பேருண்மை. கம்பியை மாற்றியதும் மெய்சிலிர்த்த இசையன்பரின் நிலையும் இதுவே. அவர் சிலிர்த்தது மெய். அச்சிலிர்ப்பைத் தந்தது கம்பிதானா என்பதே ஆராயத்தக்கது.

கண்ணை மறைத்தால் மட்டும் போதாது. தற்செயலையும் விலக்குதல் வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு கல்லெறிபவன் கல்லும் ஒரு வேளை மாங்காயில் படுகிறதன்றோ? இதனை ஆங்கிலப் புள்ளியியல் அறிஞர் ரொனால்டு ஃபிஷர் 1935-இல் வெளியிட்ட நூலில் அழகாக விளக்கினார். தேநீர்க் கோப்பையில் முதலில் பால் ஊற்றப்பட்டதா, தேயிலைச் சாறு ஊற்றப்பட்டதா என்பதைச் சுவைத்தே கூற இயலும் என்று ஒரு பெண்மணி கூறினார். அவரை எங்ஙனம் சோதிப்பது? எட்டுக் கோப்பைகளை எடுத்து, நான்கில் ஒரு முறையிலும் நான்கில் மற்றொரு முறையிலும் தேநீர் கலந்து, குலுக்கிப் போட்டதுபோல் வரிசை மாற்றி அளிக்க வேண்டும். எட்டினுள் நான்கைத் தேர்ந்தெடுக்க 70 வழிகள் உள்ளன. ஒன்றும் அறியாதவர் வாய்க்கு வந்ததைக் கூறி முழு வெற்றி பெறுவது 70-இல் ஒரு முறையே நிகழக்கூடும். ஆதலால், எட்டினையும் சரியாகக் கூறுவாராயின் அவர் கூற்றை நாம் மதித்தல் வேண்டும். இச்சோதனை அப்பெண்மணியை இகழ்வதன்று. அவர் நாவின் திறத்தை உலகறிய நாட்டுவதற்கு வாய்ப்பளிப்பதேயாகும்.

இவ்வகைச் சோதனையை ஒலித்துறையில் மேற்கொண்டோர் ஏ.பி.எக்ஸ். என்னும் முறையை வகுத்தனர். பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த மன்சன், கார்ட்னர் ஆகியோர் 1950-இல் இதன் அடிப்படையை விளக்கினர். 1982-இல் டேவிட் கிளார்க் என்பார் ஆம்ப்ளிபயர் முதலியவற்றைச் சோதிக்க ஏற்ற வகையில் இதனைச் செப்பமாக்கி எழுதினார். முதற்கருவி ஏ எனவும், இரண்டாம் கருவி பி எனவும் குறிக்கப்படும். எக்ஸ் என்பது அவ்விரண்டனுள் ஒன்று. எது என்பது மறைக்கப்பட்டிருக்கும். கேட்பவர் பொத்தானை அழுத்தி மூன்றையும் வேண்டியவாறு மாற்றி மாற்றிக் கேட்கலாம். மாற்றம் நொடிப்பொழுதில் நிகழ்வதால் நினைவு மங்குவதற்கு இடமில்லை. இரண்டின் உரப்பும் அளவுகருவியால் சமமாக்கப்படும். ஒரு டெசிபெல்லில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேறுபாடு இருத்தல் ஆகாது. சோதனை நடத்துபவருக்கும் எக்ஸ் எது என்பது தெரியாது. தெரிந்தால், அவர் முகக்குறிப்பே விடையைக் காட்டிக் கொடுத்துவிடும். இருவருக்கும் மறைக்கப்படுவதால் இஃது இரட்டை மறைப்புச் சோதனை எனப்படும். புதிய மருந்துகளைச் சோதிக்கும் மருத்துவர்களும் இம்முறையையே போற்றுகின்றனர்.

16 முறை கேட்டு விடை கூறுவதாகக் கொள்வோம். வெறுமனே ஊகிப்பவர்க்கும் ஏறத்தாழ எட்டு விடைகள் சரியாக அமையும். ஆனால் ஊகத்தாலேயே 12 அல்லது அதற்கு மேற்பட்ட விடைகள் சரியாக அமைவது 26-இல் ஒரு முறை அளவே நிகழும். எனவே 12 சரியான விடைகள், வேறுபாடு மெய்யாகவே கேட்கிறது என்பதற்கு ஓரளவு நல்ல சான்றாகும்.

இத்தகைய சோதனைகளால் அறிந்தவை யாவை? 1994-இல் ஃபிளாய்ட் டூல், ஷான் ஆலிவ் என்னும் ஆய்வாளர் இருவர் அமெரிக்காவில் நான்கு ஒலிபெருக்கிகளை 40 பேரைக் கொண்டு மதிப்பிடச் செய்தனர். ஒருமுறை திரைக்குப் பின்னே மறைத்து வைத்துக் கேட்பித்தனர். மற்றொரு முறை கண்ணெதிரே வைத்துக் கேட்பித்தனர். மறைவில் கேட்டபோது நன்மதிப்புப் பெற்ற சிறிய, விலை குறைந்த ஒலிபெருக்கி, கண்ணெதிரே வந்ததும் மதிப்பிழந்தது. உருவிற் பெரியவை உயர்வு பெற்றன. இதனினும் வியப்பு ஒன்று உண்டு. ஒலிபெருக்கியை அறையில் இடம் மாற்றி வைத்தால் ஒலி மெய்யாகவே மாறும். மறைவில் கேட்டபோது கேட்போர் அம்மாற்றத்தை உணர்ந்து மதிப்பெண்ணை மாற்றினர். கண்ணால் கண்டபோதோ அதனைப் பெரும்பாலும் பொருட்படுத்தவில்லை. இல்லாததைக் கேட்கச் செய்வது மட்டுமன்றி, உள்ளதைக் கேளாமற் செய்யவும் கண் வல்லது என்பது இதனால் பெறப்படும்.

வயலின் கலைஞர்களிடத்தும் இத்தகைய சோதனை நிகழ்ந்தது. இத்தாலி நாட்டு ஸ்ட்ராடிவாரியின் வயலின்கள் முந்நூறு ஆண்டுப் பழமை உடையவை. அவற்றின் விலை கோடிக்கணக்கில் ஏறும். 2010-இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் கிளாடியா ஃபிரிட்ஸ் முதலிய ஆய்வாளர்கள் 21 வயலின் கலைஞர்களை அழைத்தனர். பழைய வயலின் மூன்றும் புதியன மூன்றும் அவர்களிடம் தரப்பட்டன. பழையவற்றுள் இரண்டு ஸ்ட்ராடிவாரி செய்தவை. அறை மங்கலாக்கப்பட்டது, கலைஞர்கள் இருண்ட கண்ணாடி அணிந்தனர். பழைய மரத்தின் மணம் காட்டிக் கொடுக்காதிருக்கும் பொருட்டு, தாடையை வைக்கும் இடத்தில் நறுமணமும் தடவப்பட்டது! முடிவு யாது? மிகுதியாக விரும்பப்பட்டது ஒரு புதிய வயலின். மிகக் குறைவாக விரும்பப்பட்டது ஒரு ஸ்ட்ராடிவாரி. இதனால் பழைய வயலின்கள் இழிந்தவை ஆகிவிடா. அவை அரும்பெருங்கலைப் பொருள்களே. ஆனால், இன்று வாழும் தச்சரின் கைத்திறம் பழம்புகழின் நிழலில் மறைந்து கிடந்ததென்பது அன்று வெளிப்பட்டது.

மறைப்புச் சோதனை எப்போதும் 'வேறுபாடு இல்லை' என்றே கூறும் என்று எண்ணிவிடுதல் தவறு. குறுந்தட்டைக் காட்டினும் நுண்ணிய பதிவுமுறைகள் பின்னர் வந்தன. 2007-இல் அமெரிக்காவின் மேயர், மோரன் இருவரும், அத்தகைய பதிவைக் குறுந்தட்டின் தரத்துக்குக் குறைத்துத் தந்தால் கண்டறிய இயலுமா என்று 554 முறை சோதித்தனர். சரியான விடைகள் 276. அஃதாவது ஏறத்தாழப் பாதி. நாணயத்தைச் சுண்டினாலும் அதே பயனே கிடைத்திருக்கும். ஆயினும் 2016-இல் ஜோஷுவா ரைஸ் என்பார், பலரும் செய்த 18 ஆய்வுகளை ஒருங்கே தொகுத்து நோக்கினார். சரியான விடைகள் நூற்றுக்கு ஏறத்தாழ 52 எனக் கண்டார். மிகச் சிறிய மிகுதியே எனினும், அது தற்செயலால் விளைந்ததன்று என்று கணக்கு காட்டிற்று. பயிற்சி பெற்ற செவியுடையார் இன்னும் நன்றாகத் தேறினர். உண்டு என்று கண்டால் உண்டு என்றும், சிறிது என்று கண்டால் சிறிது என்றும் கூறுவதே நேர்மையான சோதனையின் இயல்பு.

இன்று நாம் கைப்பேசியில் கேட்கும் இசை உருவான வகையும் இங்கு அறியத்தக்கது. எம்பி3 என்னும் சுருக்குமுறையை ஜெர்மனியில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் முதலியோர் அமைத்தபோது, எப்பகுதியை நீக்கினால் செவி அறியாது என்பதைச் செவியைக் கொண்டே கண்டறிய வேண்டியிருந்தது. துணைக்கருவி ஏதுமின்றி ஒரு பெண் தனிக்குரலில் பாடிய பாடலொன்று அவர்களுக்குப் பெருந்தொல்லை தந்தது. சுருக்கிய பதிவில் அக்குரல் கரகரத்துக் கெட்டது. அப்பாடலை மீண்டும் மீண்டும் கேட்டுக் கேட்டே அவர்கள் தம் முறையைத் திருத்தினர். ஆகவே, சோதனை செய்வோர் செவியை நம்பாதவர் என்று கூறுதல் பொருந்தாது. விலை, பெயர், தோற்றம் ஆகிய யாவற்றையும் விலக்கிவிட்டு, செவி ஒன்றையே நம்புகிறவர் அவரே.

எனினும், சோதனை என்ற பெயருடையதெல்லாம் சோதனை ஆகிவிடாது. 1915 முதல் சில ஆண்டுகள் எடிசன் நிறுவனத்தார் ஊர் ஊராக ஒரு காட்சி நடத்தினர். மேடையில் பாடகி ஒருவர் இசைத்தட்டுடன் சேர்ந்து பாடுவார். விளக்குகள் அணைக்கப்படும். மீண்டும் ஒளி வந்ததும் பாடகி மேடையில் இரார். பாடிக்கொண்டிருந்தது பொறியே என்று கண்டு மக்கள் திகைப்பர். இக்காலத்தார் அப்பொறியின் ஒலியைக் கேட்டால், மனிதக் குரலினின்று எளிதில் பிரித்தறிவர். அன்றைய மக்கள் ஏமாந்தது எதனால்? பொறியின் ஒலிக்கு இசையுமாறு தம் குரலை அடக்கிப் பாடியதாக, அக்காட்சிகளில் பாடிய அன்னா கேஸ் பின்னாளில் கூறினார். இருட்டு இருந்தது, நடுவுநிலைமை இல்லை. விற்பவரே நடத்திய சோதனை அது. ஆகவே சோதனையையும் சோதித்தே ஏற்றல் வேண்டும். அன்றியும், ஒரு சிலர் ஒரு நாள் வேறுபாட்டைக் கண்டறியவில்லை என்பதனால், எவரும் என்றும் கண்டறியார் என்று முடிவு கட்டுதலும் கூடாது.

இனி, இரசனையின் பக்கம் நின்று பேசுவோர்க்கும் செவிசாய்ப்போம். மனிதன் அளவுகருவி அல்லன். இசைத்தட்டை உறையினின்று எடுத்து, தூசு துடைத்து, ஊசியை மெல்ல இறக்கி, இசைக்காகக் காத்திருக்கும் அந்த ஒரு கணமே ஓர் இன்பம். மறைந்த தந்தை பேணிய தட்டில் கீறலின் ஒலியும் மகனுக்கு இனிக்கும். இசைத்தட்டில் இரைச்சல் மிகுதி, குறுந்தட்டில் குறைவு என்பது அளந்து கண்ட உண்மை. இருந்தும், அமெரிக்காவில் 1987-க்குப் பின் முதன்முறையாக 2022-இல் குறுந்தட்டுகளைக் காட்டிலும் இசைத்தட்டுகள் எண்ணிக்கையில் மிகுதியாக விற்றன. வாங்கியோர் அனைவரும் அறியாமையால் வாங்கினர் என்று கூறலாமா? கையில் ஏந்தவும், படத்தைக் காணவும், பிறர்க்குக் காட்டவும் உரிய ஒரு பொருளை அவர்கள் விரும்பினர். அவ்விருப்பத்துக்குச் சோதனையின் ஒப்புதல் வேண்டுவதில்லை.

இவ்விடத்தில் நாம் பிரித்தறிய வேண்டியவை இரண்டு கூற்றுகள். 'இஃது எனக்கு இனிக்கிறது' என்பது ஒன்று; 'இக்கருவி ஒலியை மாற்றுகிறது' என்பது மற்றொன்று. முன்னது நம்மைப் பற்றிய கூற்று. அதற்கு நாமே சான்று. எவரும் மறுத்தல் இயலாது. பின்னது உலகைப் பற்றிய கூற்று. அதற்குச் சான்று உலகில் தேடத்தக்கது. பிறர் கேட்கும் வினாவுக்கு விடையளிக்கக் கடமைப்பட்டது. முன்னதன் உறுதியைப் பின்னதன்மேல் ஏற்றிக் கூறுவதே வழக்குக்கெல்லாம் வேர். இனிமை உணர்ந்தவரைப் 'பொய்யர்' என்பதும் பிழை. இனிமை உணர்ந்ததனாலேயே கம்பியின் புகழை விலையாக்கி மற்றொருவர் தலையில் கட்டுவதும் பிழை.

இப்பிரிவை அறிந்தவன் அடையும் பயன் பெரிது. பணத்தை எங்கே செலவிடுவது என்பது அவனுக்கு விளங்கும். ஒலிபெருக்கிக்கு ஒலிபெருக்கி வேறுபாடு பெரிது. மறைவிலும் எளிதில் கேட்கும். அறையின் அமைப்பும் ஒலியைப் பெரிதும் மாற்றும். வெறுஞ்சுவர் ஒலியைத் திருப்பி எறியும். தடித்த திரையும் விரிப்பும் நூல்கள் நிறைந்த அலமாரியும் அதனை அடக்கும். பதிவு செய்தவரின் திறமையும் பெரிதும் பயன் தரும். போதிய பருமனுடைய சாதாரணக் கம்பிக்கும் விலையுயர்ந்த கம்பிக்கும் இடையே அத்தகைய வேறுபாட்டை எதிர்பார்த்தல் வீண். மிச்சமாகும் பொருளைக் கொண்டு நல்ல இசைப்பதிவுகளை வாங்கலாம்; நேரில் பாடுவோரின் இசையரங்குக்கும் செல்லலாம்.

மாணவர்களே, இச்சோதனையை நீங்களும் செய்து பார்க்கலாம். ஒரே பாடலின் இரு பதிவுகளை, ஒன்று மிகவும் சுருக்கப்பட்டதாகவும் மற்றொன்று குறைவாகச் சுருக்கப்பட்டதாகவும், எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டின் உரப்பும் ஒத்திருக்கட்டும். நண்பன் ஒருவன் நாணயத்தைச் சுண்டி, தலை விழுந்தால் முதற்பதிவையும் பூ விழுந்தால் இரண்டாம் பதிவையும் ஒலிக்கச் செய்யட்டும். ஒவ்வொரு முறையும் அதனைக் குறித்தும் வைக்கட்டும். நீங்கள் அவனைக் காணாதவாறு திரும்பி அமர்ந்து விடையை எழுதுங்கள். 16 முறை முடிந்த பின்னரே ஒப்பிட்டுப் பாருங்கள். சில வேளை உங்கள் செவியின் கூர்மை கண்டு வியப்பீர்கள். சில வேளை உறுதியாக எழுதிய விடையும் தவறியிருக்கக் கண்டு நகைப்பீர்கள். இரண்டும் நல்ல கல்வியே.

இக்கல்வி இசையோடு நிற்பதன்று. மேனாட்டு இசைக்குழுக்கள் பலவற்றில், புதிய கலைஞரைத் தேர்ந்தெடுக்கும்போது அவரைத் திரைக்குப் பின்னே வாசிக்கச் செய்கின்றனர். காலணி ஓசையால் ஆணா பெண்ணா என்பது தெரிந்துவிடலாகாது என்று தரையில் விரிப்பும் இடுகின்றனர். தேர்வுத்தாளில் பெயரை மறைத்து எண் இடுவதும் இக்கருத்துப் பற்றியதே. ஆளைக் காணாமல் திறத்தைக் காண்பதற்கு மனிதன் கண்ட வழி அது. 'கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்' என்று நம் முன்னோர் பழமொழியாகக் கூறி வைத்தனர். தீர விசாரிக்கும் முறைகளுள் ஒன்றே மறைப்புச் சோதனை. உண்மையை அறிய வேண்டிய வேளையில் திரையை இட்டுக் கேட்போம். அறிந்த பின் திரையை நீக்கிவிட்டு, இசையை அதன் முழு இன்பத்தோடும் கேட்டு மகிழ்வோம்.